குட்டிக்கரணம் மட்டுமல்ல ஜிம்னாஸ்டிக்: எமது அச்சங்களும் உண்மைகளும்

மட்டக்களப்பு நகரிலிருந்து வலையிறவுப் பாலத்தைக் கடந்து, வவுணதீவு, ஆயித்தியமலை வழியாக உன்னிச்சைக்குச் செல்லும் வீதியில் பெரும்போக அறுவடை முடிந்த நாட்களில் பயணிப்பவர்கள் ஒரு காட்சியைத் தவறாமல் காண்பார்கள். வயலில் கிடக்கும் வைக்கோலை ஒன்றுசேர்த்துக் குவித்து, அதன்மீது சிறுவர்கள் ஓடிவந்து கரணமடித்துக்கொண்டிருப்பார்கள். வெயில் ஏறியதும் அதே சிறுவர்கள் வாய்க்காலில் நிற்பார்கள். கட்டின்மேல் ஏறி, ஆகாயத்தில் ஒருமுறை சுழன்று, தண்ணீரில் விழுவார்கள். அண்மையில் அவ்வழியே சென்றபோது வாகனத்தை நிறுத்தி, அவர்களுள் பெரியவனாகத் தோன்றிய ஒருவனிடம் “தம்பி, இதெல்லாம் யார் பழக்கினது?” என்று கேட்டோம். “ஒருத்தரும் இல்ல சேர். போன்ல பாத்துப் பழகினதுதான்” என்றான். அருகில் மாட்டுக்கு வைக்கோல் கட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், “இதுக்கு ஒரு பழக்கமும் வேணுமா சேர்? குரங்கு வேலதானே” என்றார். அவர் அதனைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆயினும் எமது சமூகத்தில் ஜிம்னாஸ்டிக் எனும் விளையாட்டைப் பற்றி நிலவும் எண்ணம் முழுவதும் அந்த ஒரு வார்த்தையில் அடங்கியிருந்தது.

தமிழில் சீருடற்பயிற்சி எனப்படும் இவ்விளையாட்டு எமது பிரதேசத்தில் கிரிக்கெட், உதைபந்தாட்டம், கரப்பந்தாட்டம் போன்று பேசப்படுவதில்லை. பேசப்படாத காரணத்தினாலேயே அதைச் சுற்றித் தப்பபிப்பிராயங்கள் மலிந்து கிடக்கின்றன. முதலாவது குழப்பம் பெயரிலேயே ஆரம்பமாகின்றது. நகரங்களில் பாரம் தூக்கித் தசையை முறுக்கேற்றும் இடத்தை இளைஞர்கள் “ஜிம்” என்கின்றனர். ஜிம்னாஸ்டிக் என்பதும் அதுவே எனப் பலர் கருதுகின்றனர். வேறு சிலர், பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டியின் இடைவேளையில் மாணவர்கள் வரிசையாக நின்று வாத்திய இசைக்கேற்பக் கைகளை அசைக்கும் உடற்பயிற்சிக் கண்காட்சியையே ஜிம்னாஸ்டிக் என எண்ணியிருக்கின்றனர். கண்காட்சி அழகானதுதான். ஆயினும் அது வேறு, இது வேறு.

ஜிம்னாஸ்டிக் என்பது தன் உடலின் எடையைத் தானே தாங்கி, தானே சுழற்றி, தானே கட்டுப்படுத்தி நிலத்தில் இறக்கும் கலை. அதன் நவீன வடிவம் ஜேர்மனியில் உருவானது. நெப்போலியனின் படைகளிடம் பிரஷ்யா தோல்வியுற்றிருந்த காலத்தில், பிரெடரிக் லுட்விக் யான் என்ற ஆசிரியர் இளைஞர்களின் உடலை உறுதிப்படுத்தும் நோக்கில் 1811 ஆம் ஆண்டு பெர்லின் நகரின் புறத்தே திறந்தவெளிப் பயிற்சிக்களம் ஒன்றை அமைத்தார். இன்று ஒலிம்பிக்கில் நாம் காணும் சமாந்தரச் சட்டங்கள் போன்ற சாதனங்கள் அந்தப் பாரம்பரியத்தில் வளர்ந்தவை. ஆண்கள் கைகளை ஊன்றிக் கால்களைச் சுழற்றும் ‘குதிரை’ எனும் சாதனமோ, போர்வீரர்கள் குதிரையில் ஏறி இறங்கப் பழகுவதற்குப் பயன்படுத்திய மரக்குதிரையின் வழித்தோன்றலாகும்.

இவ்வரலாற்றை அறிந்தால் இரண்டாவது தப்பபிப்பிராயம் தானாகவே கலைந்துவிடும். ஜிம்னாஸ்டிக் பெண் பிள்ளைகளுக்கான விளையாட்டு என்றும், அதில் ஈடுபடும் ஆண்பிள்ளை நளினமாகிவிடுவான் என்றும் சொல்வோர் உளர். உண்மை நேர்மாறானது. 1896 இல் ஏதென்ஸில் நடைபெற்ற முதலாவது நவீன ஒலிம்பிக்கில் ஆண்கள் மட்டுமே ஜிம்னாஸ்டிக் போட்டிகளில் பங்குபற்றினர். பெண்களுக்கு 1928 ஆம் ஆண்டு அம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கிலேயே இடம் கிடைத்தது. இன்றும் ஆண்களுக்கு ஆறு சாதனங்களில் போட்டி நடைபெறுகின்றது. பெண்களுக்கு நான்குதான். நிலத்திலிருந்து 2.8 மீற்றர் உயரத்தில் தொங்கும் இரண்டு வளையங்களைப் பற்றிப்பிடித்து, கைகளைச் சிலுவை போன்று பக்கவாட்டில் நீட்டி அசையாது நிற்கும் வீரரை ஒருமுறை பார்த்தவர்கள், இதற்கு வேண்டிய பலம் எத்தகையது என்பதை மறுபடி கேட்கமாட்டார்கள். அந்த வளையங்களில் 2019 ஆம் ஆண்டு உலக சம்பியனானவர் துருக்கியைச் சேர்ந்த இப்ராஹிம் சோலாக் என்பது இங்கு குறிப்பிடத்தக்கது.

பெற்றோரை அதிகம் அச்சுறுத்துவது, இவ்விளையாட்டு பிள்ளையின் வளர்ச்சியைத் தடுத்துவிடும், பிள்ளை குள்ளமாகிவிடும் என்ற கருத்தாகும். தொலைக்காட்சியில் வரும் வீராங்கனைகள் யாவரும் குட்டையாக இருப்பதைக் கண்டு இம்முடிவுக்கு வருகின்றனர். கூடைப்பந்து விளையாடுவோர் யாவரும் நெட்டையாக இருக்கின்றனர். கூடைப்பந்து விளையாடியதனால் அவர்கள் நெட்டையானார்கள் என்று எவரும் சொல்வதில்லையே! நெட்டையானவர்களுக்கு அந்த விளையாட்டு வசதியாக இருப்பதனால் அவர்கள் அதில் நிலைக்கின்றனர். இங்கும் அதுவே நிகழ்கின்றது. சுழலும் பொருள் எவ்வளவு ஒடுங்கியிருக்கின்றதோ அவ்வளவுக்கு அதனைச் சுழற்றுவது எளிது. வாய்க்காலில் பாயும் சிறுவன் ஆகாயத்தில் முழங்கால்களை நெஞ்சோடு அணைத்துக்கொள்வது இதனாற்றான். பௌதிகவியல் படிக்காமலேயே அவனுக்கு அது தெரிந்திருக்கின்றது. குறுகிய உடலமைப்பு உடையோருக்கு இயல்பாகவே இந்த அனுகூலம் உண்டு. ஆகவே அவர்கள் முன்னிலைக்கு வருகின்றனர். சர்வதேச ஜிம்னாஸ்டிக் சம்மேளனத்தின் விஞ்ஞான ஆணைக்குழு கூட்டிய நிபுணர் குழுவொன்று இவ்விடயத்தில் அதுவரை வெளியான ஆய்வுகளைத் திரட்டிப் பரிசீலித்து 2013 ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில், தீவிர பயிற்சியினால் வளர்ந்த பின்னரான உயரம் குறைவதாகச் சான்றில்லை என்றே முடிவு கூறியது. 1996 இலும் 2000 இலும் ஒலிம்பிக் தங்கம் வென்ற ரஷ்யாவின் ஸ்வெட்லானா கோர்கினா ஏறத்தாழ 165 சென்ரிமீற்றர் உயரமுடையவர். அவருக்கேற்பச் சில அசைவுகளையே மாற்றியமைக்க வேண்டியிருந்தது.

எனினும் இந்த அச்சத்தில் ஒரு துளி உண்மை உண்டு. மெலிந்திருக்க வேண்டுமென்பதற்காக வளரும் பிள்ளைக்கு உணவைக் குறைத்தால் பூப்படைதல் தாமதமாகும், எலும்பு பலவீனமடையும். ஓய்வின்றிக் கைகளின்மீது எடையை ஏற்றினால் மணிக்கட்டின் வளர்ச்சிப் பகுதி பாதிப்படையலாம். இவை கெட்ட பயிற்சியின் விளைவுகள். அரிசி நன்றாக இருந்தும் சோறு குழைந்துவிட்டால் குற்றம் சமைத்தவருடையது.

வயது பற்றிய எண்ணமும் இத்தகையதே. மூன்று வயதில் ஆரம்பிக்காவிட்டால் பயனில்லை, பதினாறு வயதுடன் எல்லாம் முடிந்துவிடும் என்கின்றனர். ருமேனியாவின் நாடியா கொமனேச்சி 1976 இல் மொன்றியல் ஒலிம்பிக்கில் 14 வயதில் முழுமையான பத்துப் புள்ளிகளைப் பெற்றபோது, நான்கு இலக்கங்களைக் காட்ட வசதியில்லாத புள்ளிப்பலகை ‘1.00’ என்று காட்டியது. உலகின் நினைவில் பதிந்துவிட்ட சித்திரம் அதுதான். ஆனால் இன்றைய விதிப்படி 14 வயதில் அவர் ஒலிம்பிக்கில் பங்குபற்றவே முடியாது. பெண்களுக்கான ஆகக்குறைந்த வயது 1997 தொடக்கம் 16 ஆகும். போட்டி நடைபெறும் ஆண்டில் அந்த வயதை எட்டுபவராக இருக்க வேண்டும். மறுபுறத்தில், உஸ்பெகிஸ்தானின் புகாரா நகரில் 1975 இல் பிறந்த ஒக்சானா சுசோவிட்டினா 1992 பார்சிலோனா தொடக்கம் 2021 இல் நடைபெற்ற டோக்கியோ போட்டி வரை எட்டு ஒலிம்பிக்குகளில் பங்குபற்றியவர். இடையே அவருடைய மகனுக்கு இரத்தப் புற்றுநோய் ஏற்பட்டது. சிகிச்சைக்காக ஜேர்மனிக்குச் சென்று, அந்நாட்டுக்காகப் போட்டியிட்டு, 2008 இல் பெய்ஜிங்கில் 33 வயதில் வெள்ளிப் பதக்கம் வென்றார். மகன் குணமடைந்தான். டோக்கியோவில் அவருக்கு வயது 46. புகாரா என்றதும் எமது முஸ்லிம் வாசகர்களுக்கு இமாம் புகாரி நினைவுக்கு வருவார். அந்த மண்ணில் பிறந்த ஒரு தாய் இவ்விளையாட்டின் நீண்ட ஆயுளுக்கு உதாரணமாக நிற்பதும் அறியப்பட வேண்டியதே.

இனி ஆடை விடயத்துக்கு வருவோம். இதனைத் தவிர்த்துவிட்டு எழுதுவது எளிது. ஆனால் ஏறாவூரிலும் காத்தான்குடியிலும் உன்னிச்சையிலும் வாழும் ஒரு முஸ்லிம் தந்தையிடமோ, அவ்வளவு தூரம் போவானேன், ஒரு தமிழ்த் தாயிடமோ இவ்விளையாட்டைப் பற்றிப் பேசினால் முதலில் எழும் வினா இதுவாகவே இருக்கும். அவ்வினாவைப் பழைமைவாதம் என்று ஒதுக்குவது அறிவுடைமையாகாது. மலேசியாவின் பாரா ஆன் அப்துல் ஹாதி 2015 இல் சிங்கப்பூரில் நடைபெற்ற தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்றபோது, அவருடைய சாதனையைவிட அவருடைய ஆடையே சொந்த நாட்டில் அதிகம் விவாதிக்கப்பட்டது. அவரைக் கண்டித்தோரும் இருந்தனர், அவருக்காகக் குரல்கொடுத்தோரும் இருந்தனர். அவர் விளையாட்டைக் கைவிடவில்லை. டோக்கியோ ஒலிம்பிக்கிலும் பங்குபற்றினார்.

பலரும் அறியாத விடயம் யாதெனில், கால்களைக் கணுக்கால் வரை மூடும் ஆடையைச் சர்வதேச விதிகள் பெண்களுக்கு அனுமதிக்கின்றன என்பதே. 2021 ஏப்ரலில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் நடைபெற்ற ஐரோப்பிய சம்பியன்ஷிப் போட்டியில் ஜேர்மனிய வீராங்கனைகள் அத்தகைய ஆடையுடன் தோன்றினர். அதே ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கிலும் அந்நாட்டு அணி அவ்வாறே பங்குபற்றியது. அவர்கள் முஸ்லிம்கள் அல்லர். தமது உடலைப் பிறர் எவ்விதம் பார்க்க வேண்டும் என்பதைத் தாமே தீர்மானிக்க விரும்பிய பெண்கள். ஆண்களோ குதிரை, வளையம், சட்டங்கள் ஆகியவற்றில் நீண்ட காற்சட்டை அணிந்துதான் போட்டியிட வேண்டும். இவையெல்லாம் சர்வதேச அரங்குக்குரியவை. ஒரு கிராமப் பாடசாலையின் விரிப்பில் முன்னுருளல் பழகும் பத்து வயதுப் பிள்ளைக்கு எந்தச் சம்மேளனமும் ஆடை விதிப்பதில்லை. நீளக் காற்சட்டையும் உடலோடு ஒட்டிய நீளக்கை மேலாடையும் போதுமானவை. தொளதொளப்பான உடைதான் ஆபத்தானது, ஏனெனில் அது கையிலும் காலிலும் சிக்கும். பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரமும் பெண் ஆசிரியையும் இருக்குமாயின் வினாவின் பெரும்பகுதி தீர்ந்துவிடும். 2024 இல் பாரிஸில் அல்ஜீரியாவின் கெய்லியா நெமூர் உயரவேறுபாடுள்ள சட்டங்களில் 15.700 புள்ளிகளுடன் தங்கம் வென்று, ஆபிரிக்கக் கண்டத்துக்கே ஜிம்னாஸ்டிக்கில் முதலாவது ஒலிம்பிக் பதக்கத்தைப் பெற்றுக்கொடுத்தபோது அவருக்கு வயது 17.

“இதற்குப் பணமும் மாளிகை போன்ற உள்ளரங்கும் வேண்டும், எமது ஊருக்கு இது எட்டாது” என்பது இன்னொரு எண்ணம். உயர்மட்டப் பயிற்சிக்கு அது உண்மைதான். இலங்கையின் மில்கா கெஹானி ஜப்பானில் பயிற்சி பெற்றே ஒலிம்பிக்குக்குச் சென்றார். எமது நாட்டிலிருந்து ஒலிம்பிக்கில் பங்குபற்றிய முதலாவது ஜிம்னாஸ்டிக் வீராங்கனை அவர். 2021 இல் டோக்கியோ ஆரம்ப விழாவில் தேசியக் கொடியை ஏந்திச் சென்ற இருவருள் ஒருவரும் அவரே. அந்த நாளில் எமது பாடசாலைகளில் எத்தனை பிள்ளைகள் அவருடைய பெயரை அறிந்திருந்தனர் என்று கேட்டுப் பார்க்கலாம்.

அயல்நாட்டு உதாரணம் இதனிலும் பொருத்தமானது. இந்தியாவின் வடகிழக்கு மூலையிலுள்ள திரிபுரா எனும் சிறு மாநிலத்தில், அகர்தலாவில் வளர்ந்தவர் தீபா கர்மாகர். ஆறு வயதளவில் பயிற்சியைத் தொடங்கியபோது அவருக்குத் தட்டைப் பாதம். ஓடுவதற்கும் தாவுவதற்கும் அது பெரும் குறை. பயிற்சிக்கூடத்தில் முறையான சாதனங்கள் இருக்கவில்லை. கைவிடப்பட்ட ஸ்கூட்டர் பாகங்களைக் கொண்டு அமைத்த மேடையில் அவர் தாவப் பழகினார். பயிற்சியாளர் பிஸ்வேஸ்வர் நந்தி அவரை விட்டு அகலவில்லை. 2016 இல் ரியோ ஒலிம்பிக்கின் இறுதிப் போட்டியில், கைகளை ஊன்றி எழும்பி முன்நோக்கி இருமுறை சுழன்று இறங்கும் ‘புரொடுனோவா’ எனும் தாவலைச் செய்தார். இரண்டு தாவல்களின் சராசரியாக அவருக்குக் கிடைத்தது 15.066. மூன்றாமிடம் பெற்ற சுவிட்சர்லாந்து வீராங்கனைக்கு 15.216. இடையில் இருந்தது வெறும் 0.150 புள்ளி. பதக்கம் தவறியது. ஆயினும் ஜிம்னாஸ்டிக் என்றால் என்ன என்று இந்தியா முழுவதும் ஒரே இரவில் கேட்க வைத்தவர் அவர். 2024 ஒக்டோபரில் அவர் ஓய்வை அறிவித்தார்.

இந்த 0.150 எப்படிக் கணிக்கப்படுகின்றது என்பதை ஓரளவு சொல்லிவைப்பது பயனுடையது. ஏனெனில் ‘நடுவர்கள் தமக்குப் பிடித்தவர்களுக்குப் புள்ளி போடுகிறார்கள்’ என்ற குற்றச்சாட்டும் உண்டு. 2006 தொடக்கம் பத்துப் புள்ளி என்ற உச்சவரம்பு இல்லை. செய்த அசைவுகள் எவ்வளவு கடினமானவை என்பதற்கு ஒரு புள்ளி கூட்டிச் செல்லப்படுகின்றது. அவை எவ்வளவு சுத்தமாகச் செய்யப்பட்டன என்பது பத்திலிருந்து கழித்துக் கழித்துக் கணிக்கப்படுகின்றது. சிறு தவறுக்கு 0.1, நடுத்தரத் தவறுக்கு 0.3, பெரிய தவறுக்கு 0.5, கீழே விழுந்தால் முழுமையாக ஒரு புள்ளி. இரண்டையும் கூட்டினால் இறுதிப் புள்ளி. பத்து சென்ரிமீற்றர் அகலமும் 1.25 மீற்றர் உயரமுமான சமநிலைக் கட்டையில் கரணமடித்து இறங்குபவரின் பாதம் சற்றே விலகினாலும் நடுவரின் பேனா அசையும். மனிதர் என்பதால் நடுவர்களும் தவறிழைப்பர். ஆயினும் இது அழகுராணிப் போட்டி அன்று.

இதனைச் சர்க்கஸ் என்றோ கழைக்கூத்து என்றோ இகழ்வோருக்குச் சொல்ல ஒன்று உண்டு. மட்டக்களப்பின் வட்டக்களரியில் விடிய விடிய வடமோடிக் கூத்தாடும் கலைஞன் சுழன்று, தாவி, மறுகணம் அசையாது நிற்கின்றான். எமது முஸ்லிம் கிராமங்களின் பொல்லடியிலும், இரு சமூகத்தாரும் பயின்றுவந்த சீனடி, சிலம்பம் ஆகியவற்றிலும் உடலைத் தாழ்த்தி எழுப்பித் திருப்பும் நுட்பம் ஊறிக்கிடக்கின்றது. எமது மண்ணுக்கு அந்நியமானது ஜிம்னாஸ்டிக் என்ற பெயர் மட்டுமே. யுத்தத்தினால் தமிழரும் முஸ்லிம்களும் இடம்பெயர நேர்ந்த ஒரு பிரதேசத்தில், களரிகளும் பயிற்சி முற்றங்களும் பல வருடங்கள் வெறிச்சோடிக் கிடந்தன. கற்றுக்கொடுக்கும் தொடர்ச்சி அங்கே அறுந்தது. இன்று கைத்தொலைபேசி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

அச்சங்களுள் உண்மையானவற்றையும் மறைக்கலாகாது. ஐக்கிய அமெரிக்காவில் தேசிய அணியின் வைத்தியராக இருந்த லாரி நாசர், சிகிச்சை என்ற பெயரில் சிறுமியரைப் பல்லாண்டு காலம் பாலியல் துஷ்பிரயோகம் செய்தமைக்காக 2018 ஜனவரியில் 40 முதல் 175 ஆண்டுகள் வரையான சிறைத்தண்டனை பெற்றார். பாதிக்கப்பட்ட பிள்ளைகளுள் சிலர் முன்னரே சொல்லியிருந்தனர், பெரியவர்கள் நம்பவில்லை. பிரித்தானியாவில் 2022 இல் வெளியான சுயாதீன விசாரணை அறிக்கையொன்று, பசியில் வாடவிடல், காயத்துடன் பயிற்சி செய்வித்தல், அவமதித்தல் போன்றவை அந்நாட்டு ஜிம்னாஸ்டிக்கில் பரவிக் கிடந்ததை வெளிப்படுத்தியது. உயரம் குறையும் என்று அஞ்சும் பெற்றோர் அஞ்சவேண்டிய இடம் இதுவே. பயிற்சி நடைபெறும் இடத்தின் கதவு திறந்திருக்கின்றதா? பெற்றோர் உட்கார்ந்து பார்க்க அனுமதி உண்டா? வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் பயிற்சி நிறுத்தப்படுகின்றதா? இம்மூன்றுக்கும் ‘ஆம்’ என்ற விடை கிடைக்காத இடத்துக்குப் பிள்ளையை அனுப்பாதிருப்பதே நல்லது.

மற்றொரு ஆபத்து எமது கண்முன்னே, வாய்க்கால் ஓரத்திலேயே நிகழ்கின்றது. ஆழம் தெரியாத தண்ணீரில் தலைகீழாகப் பாய்ந்து அடியில் மோதினால் கழுத்தெலும்பு முறியும். அதனுள் செல்லும் முண்ணாண் சேதமடைந்தால் கைகால்கள் மீளாது. வைக்கோலின்மீது உச்சந்தலை ஊன்ற விழுந்தாலும் அதே விளைவுதான். உன்னிச்சைக் குளத்தின் நீர்மட்டம் பருவத்துக்குப் பருவம் மாறுவது ஊரார் அறிந்ததே. நேற்று ஆளுயரம் இருந்த வாய்க்காலில் இன்று முழங்காலளவு தண்ணீரே இருக்கக்கூடும். அச்சிறுவர்களை விரட்டினால் அவர்கள் வேறிடம் சென்று பாய்வார்கள். பயிற்சி பெற்றவன் முதலில் படிப்பது பாய்வதற்கல்ல, விழுவதற்கு. நாடியை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். உருளும்போது எடை தலையில் இறங்காது தோளிலும் மேல்முதுகிலும் இறங்க வேண்டும். இறங்கும்போது முழங்கால்கள் மடிந்துகொடுக்க வேண்டும். ஒரு அசைவு சரியாக வராமல் அடுத்ததற்குச் செல்லக்கூடாது. காணொளியில் இறுதி அசைவு மட்டுமே தெரியும். அதற்கு முன்னைய இரண்டு வருடங்கள் தெரியமாட்டா.

மட்டக்களப்பில் கூடைப்பந்தும் ஒரு காலத்தில் அந்நிய விளையாட்டாகவே இருந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபைத் துறவிகள் புனித மிக்கேல் கல்லூரியில் அதனைக் கற்பித்தனர். நகரின் வெபர் மைதானம் அவர்களுள் ஒருவரான வணக்கத்துக்குரிய ஹரோல்ட் வெபர் அடிகளாரின் பெயரையே தாங்கி நிற்கின்றது. விளையாட்டு ஊன்றியது கட்டடத்தினால் அன்று, ஊரோடு தங்கிவிட்ட ஆசிரியர்களால். ஜிம்னாஸ்டிக் விடயத்திலும் வலயக் கல்வி அலுவலகங்கள் தொடங்கவேண்டிய இடம் அதுவே. உடற்கல்வி ஆசிரியர்களுள் ஆண் ஒருவரையும் பெண் ஒருவரையும் தெரிந்தெடுத்து முறையான பயிற்சிக்கு அனுப்பி, குறைந்தது ஐந்து வருடங்களுக்கு இடமாற்றமின்றி வைத்திருக்க வேண்டும். உன்னிச்சை போன்ற ஊர்ப் பாடசாலையொன்றுக்கு முதல் வருடத்தில் வேண்டியவை தடித்த விரிப்புகள் நான்கு, நிலத்தில் வைக்கக்கூடிய தாழ்வான கட்டை ஒன்று, மழைக்கு ஒதுங்கக்கூடிய கூரை. பிள்ளை சுழலும்போது பக்கத்தில் முழந்தாளிட்டு, ஒரு கையை அதன் முதுகின் கீழும் மறு கையைத் தோளிலும் வைத்துத் தாங்கத் தெரிந்த ஒருவர் அந்த விரிப்பின் ஓரத்தில் இருக்க வேண்டும். அவர் வராத நாளில் விரிப்பைச் சுருட்டி அறையில் வைத்துப் பூட்டிவிட வேண்டும்.